விடிகாலை முதுகு இறுக்கம், அடிக்கடி சிவக்கும் கண்: இரண்டும் ஒரே செல்களின் வேலையா?

#1 கல்மண்டபம்_ஆய்வாளர் | ஞாயிறு, இரவு 9.50

வணக்கம். நான் நோய் எதிர்ப்பியலில் பிஎச்.டி செய்கிறேன், இது மூன்றாவது வருடம். மூட்டுவாதத்துக்கும் கண்ணின் உள் அழற்சிக்கும் என்ன தொடர்பு என்பதுதான் என் தலைப்பு. பிறந்து வளர்ந்தது ராயபுரம் கல்மண்டபம். இங்கே நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன்.

இந்தத் தலைப்பை எடுக்க வைத்தது என் தம்பி. துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை. 22 வயதில், விடியற்காலை நாலு மணிக்கு முதுகு இறுகிப்போய் எழுந்து உட்காருவான். வீட்டுக்குள்ளேயே அரைமணி நேரம் நடந்தால் இளகும். கனமான வேலை, அதனால் வலி என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அடுத்த வருடம் வலது கண் ரத்தமாகச் சிவந்தது. டியூப்லைட் வெளிச்சம்கூடத் தாங்கவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள், அடங்கியது. ஆறு மாதம் கழித்து இடது கண். மறுபடியும் மெட்ராஸ் ஐ என்றார்கள். மூன்றாவது முறை வந்தபோது கண்பாவை வட்டமாக இல்லை, ஒரு ஓரம் இழுத்துக்கொண்டு இருந்தது. கண்பாவையைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் என்கிற வண்ண வளையம், பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்போது எழும்பூரில் கண் பார்த்த டாக்டர், காலையில் முதுகு பிடிக்குமா என்று கேட்டார். அதுவரை எந்தக் கண் டாக்டரும் அவன் முதுகைப் பற்றிக் கேட்டதில்லை, முதுகு பார்த்தவர்கள் யாரும் கண்ணைக் கேட்டதில்லை. ரத்தத்தில் ஹெச்.எல்.ஏ-பி27 என்கிற மரபுக் குறி பாசிட்டிவ். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிற முதுகெலும்பு வாதம், கூடவே யுவைட்டிஸ் என்கிற கண்ணின் உள் அழற்சி. நாலு வருடமாக இரண்டு வேறு வரிசைகளில் அவனைக் கூட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

இந்த உறவு புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1973-இல் லண்டனில் ப்ரூவர்ட்டன் குழு இந்த முதுகெலும்பு வாதம் உள்ள 75 பேரைச் சோதித்தது. 72 பேரிடம் பி27 இருந்தது. நோய் இல்லாத 75 பேரில் 3 பேரிடம்தான் இருந்தது. அதே வருடம் அதே குழு, கண்ணின் முன்பகுதியில் திடீரென வரும் அழற்சிக்கும் பி27-க்கும் உறவு உண்டு என்று எழுதியது. இந்த முதுகெலும்பு வாதக்காரர்களில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒரு முறையாவது கண்ணுக்கும் போகிறார்கள். ஏன் என்பதற்குத்தான் இன்னும் முழு பதில் கிடைக்கவில்லை.

பி27 என்பது செல்லின் மேலே இருக்கும் ஒரு தாம்பாளம் மாதிரி. செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் சின்னத் துண்டுகளை எடுத்து, ரோந்து வரும் டி செல் என்கிற நோய் எதிர்ப்பு வெள்ளை அணுவுக்குக் காட்டும். பகையான துண்டு என்று பட்டால் டி செல் தாக்கும். ஒவ்வொரு டி செல்லுக்கும் துண்டை உணர ஒரு தனி வாங்கி (ரிசெப்டர்) உண்டு, அது பெருகும்போது பிள்ளைகளுக்கும் அதே வாங்கிதான். ஆகவே ஒரே நோயாளியின் மூட்டு நீரிலும் கண் நீரிலும் இருக்கும் டி செல்களின் வாங்கிகளை வரிசைப்படுத்தினால், அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா இல்லையா என்று சொல்லிவிடலாம். என் பிஎச்.டி இந்த ஒரு கேள்விதான்.

உங்களில் யாருக்காவது, வீட்டில் யாருக்காவது இரண்டும் இருந்தால் எது முதலில் வந்தது, என்ன பெயர் சொல்லி மருந்து கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். பெயர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம். இது ஆய்வுக்கான தகவல் சேகரிப்பு இல்லை, அதற்கு நெறிமுறைக் குழு அனுமதியும் கையெழுத்தும் தனி. மக்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

#2 காசிமேடு_வலை | ஞாயிறு, இரவு 10.35

அக்கா, எனக்கு வயது 27. ஐஸ் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. முதுகு வலி மூன்று வருடமாக இருக்கிறது. இங்கே எல்லாருக்கும்தான் இருக்கிறது. இது வேலை வலியா, நீங்கள் சொல்கிற வலியா என்று எப்படித் தெரியும்?

#3 கல்மண்டபம்_ஆய்வாளர் | ஞாயிறு, இரவு 11.05

தம்பி, வேலை வலி என்றால் பெரும்பாலும் வேலை செய்யச் செய்யக் கூடும், படுத்தால் குறையும். அழற்சி வலி அப்படியே தலைகீழ். ஓய்வில் கூடும், பின்னிரவில் எழுப்பும், காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் இறுக்கம் நிற்கும், நடமாடினால் இளகும். 40 வயதுக்குள் மெல்லத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும். பிட்டத்தில் ஒரு பக்கம் மாறி ஒரு பக்கம் வலிப்பது, குதிகால் வலி, எப்போதாவது கண் சிவந்தது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருப்பது, இதெல்லாம் சந்தேகத்தைக் கூட்டும். உங்களுக்கு எது பொருந்துகிறது?

#4 காசிமேடு_வலை | ஞாயிறு, இரவு 11.20

விடியற்காலை எழுப்பும். ஆனால் எங்களுக்கு வேலையே விடியற்காலைதானே. பெட்டி தூக்க ஆரம்பித்தால் சரியாகிவிடும், அதனால்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குதிகாலும் வலிக்கும். கண் இதுவரை ஒன்றும் இல்லை.

#5 கல்மண்டபம்_ஆய்வாளர் | ஞாயிறு, இரவு 11.25

பெட்டி தூக்கினால் சரியாகிறது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. நான் மருத்துவர் இல்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், எலும்பு வரிசையில் நிற்காமல் மூட்டுவாதப் பிரிவு எது என்று கேட்டுப் போங்கள். டாக்டரிடம் முதுகு வலி என்று மட்டும் சொல்லாதீர்கள். விடியற்காலை எழுப்புகிறது, வேலை செய்தால் குறைகிறது, குதிகாலும் வலிக்கிறது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#6 யாழினி_அம்மா | திங்கள், காலை 11.10

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 4 வயது. இரண்டு மாதம் முன்பு ஒரு முழங்கால் வீங்கியது. விழுந்திருப்பாள் என்று நினைத்தோம். காலையில் நொண்டி நொண்டி நடப்பாள், பத்து மணிக்கு மேல் ஓடுவாள். சிறார் மூட்டழற்சி என்று சொல்லியிருக்கிறார்கள். ஏ.என்.ஏ என்கிற டெஸ்ட் பாசிட்டிவ். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. சிவப்பு இல்லை, வலி இல்லை, டிவியில் எழுத்தெல்லாம் காட்டுவாள். மாமியார், முழங்காலுக்குப் போய் கண்ணைக் காட்டுவானேன் என்கிறார். ஒரு நாள் அலைந்தால் கணவருக்கு ஒரு நாள் கூலி போகும். உண்மையிலேயே தேவையா? யாராவது சொல்லுங்கள்.

#7 ஸ்லிட்லாம்ப்_தாத்தா | திங்கள், மதியம் 1.40

அம்மா, தேவை. இந்த வாரமே போங்கள்.

நான் கண் மருத்துவமனைகளில் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது பெரம்பூரில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன விவரம் ஒவ்வொன்றும் என்னைக் கவலைப்பட வைக்கிறது. சின்ன வயது, பெண் குழந்தை, ஒன்றிரண்டு மூட்டு மட்டும், ஏ.என்.ஏ பாசிட்டிவ். சிறார் மூட்டழற்சியில் கண்ணுக்குப் போக அதிக வாய்ப்புள்ள குழந்தைகள் இவர்கள்தான். இந்த அழற்சி சத்தமே இல்லாமல் வரும். கண் வெள்ளை வெளேரென்று இருக்கும், குழந்தை அழாது, கண்ணைக் கசக்காது. ஆய்வாளர் அம்மாவின் தம்பிக்கு வந்தது கண்ணைச் சிவக்கவைத்து வலியோடு வரும் வகை, அதனால் டாக்டரிடமாவது போனார்கள். உங்கள் மகள் விஷயத்தில் வலியை நம்பிக் காத்திருக்கவே முடியாது.

நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று சொல்கிறேன். ஓட்டு வீட்டில் கூரை ஓட்டை வழியே வெயில் கோடாக இறங்கும்போது, அந்தக் கோட்டுக்குள் தூசி மிதப்பது தெரியும் இல்லையா? ஸ்லிட் லாம்ப் அதைத்தான் செய்கிறது. ஒளியை மெல்லிய கோடாக்கிக் கண்ணுக்குள் விடும். நல்ல கண்ணில் அந்த வழி கறுப்பாக, காலியாக இருக்கும். அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்கள் ஒன்றொன்றாக மிதப்பது தெரியும். டார்ச் அடித்தாலோ வெறும் கண்ணால் பார்த்தாலோ தெரியவே தெரியாது.

கண்டுபிடிக்காமல் விட்டால் ஐரிஸ் ஒட்டிக்கொள்ளும், கார்னியாவின் குறுக்கே சுண்ணாம்புப் பட்டை மாதிரி படியும், புரை விழும், கண் அழுத்தம் ஏறும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லித்தான் பார்வைக் குறைவே தெரிந்தது என்று எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் எப்போதோ சரியாகியிருந்தது, கண்ணை யாரும் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் மனது வலிக்கிறது.

முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது என்று கண் பரிசோதனையை நிறுத்திவிடவும் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூட்டு அமைதியாக இருக்கும்போதே கண் புகையும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

#8 யாழினி_அம்மா | திங்கள், மதியம் 2.15

ஐயா, படித்துவிட்டுக் கை நடுங்குகிறது. வியாழக்கிழமை எழும்பூர் போகிறோம். நன்றி.

#9 மணலி_கெமிஸ்ட் | திங்கள், இரவு 8.30

ஆய்வாளருக்கு ஒரு மறுப்பு. முதல் பதிவைப் படித்தால் கண் நோயும் முதுகு நோயும் ஒன்றே, ஒரே செல்கள்தான் இரண்டையும் செய்கின்றன என்று நீங்கள் ஏற்கனவே முடிவெடுத்துவிட்டது போலத் தெரிகிறது.

என் அண்ணன் மனைவிக்கும் இதே வாதம். எட்டானர்செப்ட் ஊசி போட்டார்கள், முதுகு அருமையாக இளகியது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சிவந்தது. அடாலிமுமாபுக்கு மாற்றிய பிறகுதான் கண் அடங்கியது. இரண்டுமே டி.என்.எஃப் என்கிற ஒரே பொருளைத் தடுக்கும் மருந்துகள். ஒரே செல், ஒரே நோய் என்றால் மூட்டில் வேலை செய்த மருந்து கண்ணில் ஏன் தோற்கிறது?

இன்னொன்று. கண்ணுக்குள் நோய் எதிர்ப்பு அணுக்களை உடம்பு சுலபமாக விடாது என்று படித்திருக்கிறேன். அப்புறம் இந்தச் செல்கள் உள்ளே எப்படிப் போகின்றன? ஏதோ ஒரு கிருமிதான் தொடக்கம் என்று எனக்குப் படுகிறது.

#10 கல்மண்டபம்_ஆய்வாளர் | திங்கள், இரவு 11.50

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

முதலில் காவல் பற்றி. கண்ணுக்குத் தனிச் சலுகை உண்டு என்பது உண்மை. 1948-இல் பீட்டர் மெடவார் முயலின் கண் முன்னறையில் வேறு முயலின் தோலை வைத்து, மற்ற இடங்களில் போல அது உடனே நிராகரிக்கப்படுவதில்லை என்று காட்டினார். ரத்தக் குழாய்ச் சுவர் இறுக்கமாக இருப்பதும், உள்ளேயே அழற்சியை அடக்கும் பொருட்கள் இருப்பதும் அதற்குக் காரணம். ஆனால் வேறெங்கோ ஏற்கனவே முடுக்கிவிடப்பட்ட டி செல் அந்தச் சுவரைத் தாண்டும். அப்படியானால் அது எங்கே முடுக்கப்படுகிறது?

இங்கே நீங்கள் சொன்ன கிருமி வருகிறது. வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா, ஷிகெல்லா வந்து போன சில வாரங்களில் மூட்டும் கண்ணும் சேர்ந்து வீங்கும் நோய் ஒன்று உண்டு, அதிலும் பி27 உள்ளவர்கள் அதிகம். மனித பி27 ஜீனை எலிகளுக்குள் வைத்தால் அவற்றுக்குக் குடலிலும் மூட்டிலும் அழற்சி வருகிறது. அதே எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால் வருவதில்லை. 1994-இல் வந்த முடிவு அது. ஆகவே முடுக்கம் குடலில் நடக்கலாம் என்பது இன்று பலரும் நம்பும் பாதை. பிறகு அந்தச் செல்கள் கண்ணிலும் மூட்டிலும் ஏதோ ஒரு பொதுப் பொருளைக் கிருமித் துண்டு என்று தவறாக எண்ணலாம். பொதுவான பொருட்களும் இருக்கின்றன. குருத்தெலும்பில் இருக்கும் இரண்டாம் வகைக் கொலாஜன்தான் கண்ணின் உள்ளே இருக்கும் பளிங்குக் கூழிலும் இருக்கிறது.

2022 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரையைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. முதுகெலும்பு வாதக்காரர்களின் மூட்டிலிருந்தும், யுவைட்டிஸ்காரர்களின் கண்ணிலிருந்தும் எடுத்த டி செல்களில் டி.ஆர்.பி.வி-9 என்கிற பகுதியைக் கொண்ட, ஒன்றையொன்று ஒத்த வாங்கிகள் இருந்தன. அந்த வாங்கிகள் பி27 தாங்கிப் பிடித்த பாக்டீரியத் துண்டுகளையும் நம் சொந்த உடம்பின் துண்டுகளையும் ஒன்றாகவே உணர்ந்தன.

ஆனால் உங்கள் முதல் மறுப்புக்கு என்னிடம் இவ்வளவு நல்ல பதில் இல்லை. எட்டானர்செப்ட் கண்ணில் பலவீனம் என்பது டாக்டர்கள் நன்கு அறிந்தது. இன்னும் வலுவான உதாரணம் செகுகினுமாப். ஐ.எல்-17 என்கிற பொருளைத் தடுக்கும் அந்த மருந்து முதுகெலும்பு வாதத்துக்கு அங்கீகாரம் பெற்றது. யுவைட்டிஸில் அதை வைத்து நடந்த மூன்று பெரிய சோதனைகளும் இலக்கைத் தொடவில்லை, 2013-இல் முடிவு வெளியானது. மருந்து கண்ணுக்குப் போதிய அளவு போகவில்லையா, இல்லை கண்ணுக்குள் நுழைந்ததும் அதே செல் வேறு ஆயுதம் எடுக்கிறதா?

அதனால் ‘ஒரே நோய்’ என்ற என் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன். தொடக்கம் ஒன்றாக இருக்கலாம், போன இடத்தில் நடப்பது வேறாக இருக்கலாம். வாங்கியை மட்டும் வரிசைப்படுத்தினால் போதாது, அந்தச் செல் இரண்டு இடங்களிலும் எந்த ஜீன்களை இயக்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழிகாட்டியிடம் புதன்கிழமை இதைப் பேசப் போகிறேன்.

#11 மணலி_கெமிஸ்ட் | செவ்வாய், காலை 7.05

இதை ஏற்கிறேன். செலவு கூடுமே?

#12 ஃபைக்கால்_அண்ணன் | செவ்வாய், காலை 9.30

செலவைவிட நேரம்தான் பிரச்சினை. நான் செல் ஆய்வகத்தில் டெக்னீஷியன், ஒவ்வொரு பிஎச்.டி மாணவரும் இந்த இடத்தில் அழுவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணின் முன்னறையில் இருக்கும் நீரே மொத்தம் கால் மில்லிதான். அதில் 0.1 மில்லி எடுத்தால் பெரிது, இரண்டு சொட்டு. அந்த இரண்டு சொட்டில் கிடைக்கும் செல்கள் சில ஆயிரம் இருந்தாலே அதிர்ஷ்டம். முழங்கால் நீர் நிறையக் கிடைக்கும், ஆனால் பாகு மாதிரி இழுக்கும். ஹயலுரோனிடேஸ் என்கிற என்சைம் போட்டு இளக்காமல் குழாயில் ஓடாது. ரத்தம் ஒன்றுதான் சொன்னபடி கேட்கும், ஃபைக்கால் என்கிற, செல்களை அடுக்கடுக்காகப் பிரிக்கும் திரவத்தில் ஊற்றிச் சுழற்றினால் வேண்டிய அடுக்கு தானாக நிற்கும்.

இது அத்தனையையும் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஜீன் இயக்கம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் தாமதமே முடிவை மாற்றிவிடும், வழியில் செல் பட்ட பாட்டை நோய் என்று எழுதிவிடுவீர்கள். சாம்பிள் எந்த வழியாக வருகிறது?

#13 கல்மண்டபம்_ஆய்வாளர் | செவ்வாய், மதியம் 12.45

அண்ணா, தெரியும். போன மாதம் ஒரு நோயாளியின் மூட்டு நீரோடு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். ஒரு கூட்ஸ் போய் இன்னொரு கூட்ஸ் வந்தது. மடியில் பெட்டி, அதற்குள் ஒருவர் வலியைத் தாங்கிக்கொண்டு நம்பிக் கொடுத்தது. ஆய்வகம் போனபோது பாதிச் செல்கள் செத்திருந்தன. அந்த மனிதரிடம் திரும்பப் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது மெட்ரோவில்தான் எடுத்துப் போகிறேன். எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே முதல் கட்டத்தை முடிக்க ஒரு மேசை கேட்டிருக்கிறேன்.

#14 வியாசர்பாடி_பேரன் | செவ்வாய், மாலை 6.20

என் பாட்டிக்கு 2006-இல் சிக்குன்குனியா வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் ஒரு கண் சிவந்து மங்கியது. அதுவும் இந்தக் கணக்கில் வருமா? அம்மாவுக்கு முடக்குவாதம், கண் எப்போதும் மணல் போட்ட மாதிரி உறுத்துகிறது என்கிறார்.

#15 ஸ்லிட்லாம்ப்_தாத்தா | செவ்வாய், இரவு 8.00

பாட்டிக்கு வந்தது வைரஸ் வழி. சிக்குன்குனியா மூட்டையும் பிடிக்கும், சிலருக்குக் கண்ணின் முன்பகுதியிலும் அழற்சி தரும். பி27 கணக்கு வேறு. அம்மாவின் உறுத்தல் பெரும்பாலும் கண்ணீர் வற்றுவதால் வருவது, முடக்குவாதத்தில் சகஜம். ஆனால் ஆழமான வலியோடு வெள்ளைவிழி சிவந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

நம் ஊரில் கண் உள் அழற்சி என்றால் மூட்டுவாதத்தை மட்டும் நினைத்தால் போதாது. 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பக்கம் எலிக்காய்ச்சல் கிருமியால் கூட்டங்கூட்டமாக யுவைட்டிஸ் வந்ததை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடக்கிற வியாசர்பாடிக்காரர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும். காசநோயும் அப்படித்தான். அடாலிமுமாப் மாதிரி ஊசி தொடங்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பது சும்மா இல்லை. உள்ளே தூங்கும் காசநோயை அந்த ஊசி எழுப்பிவிடும்.

இன்னொன்றைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்காதீர்கள். மெட்ராஸ் ஐயில் பீளை வரும், இமை ஒட்டும், வீட்டில் அடுத்தவருக்கும் தொற்றும். பீளையே இல்லாமல் ஒரு கண் மட்டும், கருவிழியைச் சுற்றிச் சிவந்து, வெளிச்சம் பட்டால் வலித்தால் அது வேறு. சிவந்த கண்ணுக்குள் ஹெர்பிஸ் புண் இருந்தால் அதே ஸ்டீராய்டு கண்ணைக் கெடுக்கும்.

#16 காசிமேடு_வலை | வியாழன், மாலை 5.15

அக்கா, ஸ்டான்லி போனேன். நீங்கள் சொன்ன மாதிரியே மூன்றையும் சேர்த்துச் சொன்னேன். இடுப்பு எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் கொடுத்திருக்கிறேன். பி27 இருந்தால் நோய் உறுதியா?

#17 கல்மண்டபம்_ஆய்வாளர் | வியாழன், மாலை 6.00

இல்லை தம்பி. பி27 உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுதும் ஒன்றும் வருவதில்லை. உங்கள் வலி, எக்ஸ்ரே, ரத்தம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் விட்டுவிடாதீர்கள், ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐயில் மட்டும் தெரிவதும் உண்டு.

#18 யாழினி_அம்மா | வியாழன், இரவு 9.40

போய் வந்தோம். வலது கண்ணில் அணுக்கள் இருக்கின்றன என்று சொன்னார்கள், கொஞ்சம்தான். இடது கண் சுத்தம். ஐரிஸ் எங்கும் ஒட்டவில்லை. ஸ்டீராய்டு சொட்டும், கண்பாவையை விரிக்கும் சொட்டும் எழுதித் தந்திருக்கிறார்கள். மூட்டு டாக்டர் மெத்தோட்ரெக்சேட் என்கிற மருந்தை வாரம் ஒரு முறை தொடங்கச் சொல்கிறார். அதற்கும் அடங்காவிட்டால் அடாலிமுமாப் என்றார். அந்த ஊசி குழந்தைகளுக்குப் போடலாமா? விலையை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

மாமியாரும் கூட வந்தார். ஒளிக்கோட்டில் தூசி மாதிரி மிதக்கிறது என்று டாக்டர் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. சொட்டு மருந்து நேரத்தை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

#19 கல்மண்டபம்_ஆய்வாளர் | வியாழன், இரவு 10.10

அக்கா, சரியான நேரத்தில் போயிருக்கிறீர்கள். அந்த ஊசியைக் குழந்தைகளிடமே சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 90 பிள்ளைகள், எல்லோரும் மெத்தோட்ரெக்சேட்டில் இருந்தவர்கள். கூட அடாலிமுமாப் பெற்ற 60 பேரில் 16 பேருக்குத்தான் சிகிச்சை தோற்றது, வெற்று ஊசி பெற்ற 30 பேரில் 18 பேருக்குத் தோற்றது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2017-இல் வெளியானது. தொற்று மாதிரிப் பக்க விளைவுகள் ஊசி பெற்றவர்களிடம் கூடுதல், அதனால் கண்காணிப்பு வேண்டும். விலையைப் பொறுத்தவரை, 2014 கடைசியிலிருந்து நம் நாட்டிலேயே இதன் மாற்று தயாராகிறது. அரசு மருத்துவமனையில் எது கிடைக்கும் என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

#20 ஸ்லிட்லாம்ப்_தாத்தா | வியாழன், இரவு 10.30

அடுத்த தேதி எப்போது அம்மா? மெஷினில் தாடையை வைக்கக் குழந்தை ஒத்துழைத்தாளா?

#21 யாழினி_அம்மா | வியாழன், இரவு 10.45

இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். தாடை எட்டவில்லை, என் மடியில் உட்கார்ந்தாலும் நழுவிக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் வந்ததும் அழுதுவிட்டாள்.

#22 ஸ்லிட்லாம்ப்_தாத்தா | வியாழன், இரவு 10.55

மடியில் வேண்டாம். நாற்காலியிலேயே முட்டி போட்டு நிற்க வையுங்கள், உயரம் சரியாக வரும். வீங்கிய முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வையுங்கள். அதுவரை தினமும் வீட்டில் மேசை விளிம்பில் தாடையை வைத்து, பத்து எண்ணும் வரை அசையாமல் உங்கள் காதுக் கம்மலைப் பார்க்கச் சொல்லிப் பழக்குங்கள். இரண்டு வாரம் தாராளமாகப் போதும்.